திறப்பு கையில், எஞ்சின் ஓட்டத்தில்

கொழும்பு, காலி வீதியில் ஒரு ஞாயிறு மத்தியானம். சோதனைச் சாவடியில் எங்கள் பச்சைக் கார் நிற்கிறது. என் கணவர் இறங்கிப் பக்கத்தில் நிற்கிறார். ஒரு கையில் அடையாள அட்டை, மற்றக் கையில் கார்த் திறப்பு. எஞ்சினை நிறுத்து என்று உத்தரவு வந்ததும் நல்ல பிள்ளையாக நிறுத்தி, திறப்பைக் கழற்றிக்கொண்டு இறங்கிவிட்டார். ஆனால் எஞ்சின் நிற்கவில்லை.

சிப்பாய் இவருடைய கையிலிருந்த திறப்பைப் பார்த்தார். காரின் முன்பக்கத்தைப் பார்த்தார். மறுபடியும் திறப்பைப் பார்த்தார்.

நான் காருக்குள் இருக்கிறேன். என் முழங்காலுக்கு நேரே சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதிலிருந்து நாலு வயர்கள் உள்ளே போகின்றன. பெட்டியின் முகத்தில் சிவப்பு வெளிச்சத்தில் இலக்கங்கள் இறங்கிக்கொண்டிருக்கின்றன. ஒன்று ஐம்பத்திரண்டு. ஒன்று ஐம்பத்தொன்று. ஒன்று ஐம்பது.

எந்த நேரம் எங்கே குண்டு வெடிக்கும் என்று தெரியாத காலம் அது. காரில் வந்தவர்கள் இரண்டு யாழ்ப்பாணத் தமிழர். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அந்தப் பெட்டியை அங்கே பூட்ட வைத்தவள் நான்தான். அதை இத்தனை வருடமாக யாருக்கும் சொல்லவில்லை. இனிச் சொன்னால் என்ன, எனக்கு வயதாகிவிட்டது.

இருந்தும் இல்லாதவர்

போன கிழமை, கொழும்பில் நான் வாடகைக்கு இருந்த வெள்ளவத்தை அனெக்ஸைப் பற்றி எழுதியிருந்தேன். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை, ரயில் போகும்போது நடுங்கும் யன்னல் கண்ணாடி, இரண்டு அறைக்கு மூன்று பூட்டு. வாசித்த ஒரு சகோதரி, "எல்லாம் சரி, உங்கள் கணவர் எங்கே? ஒரு வரியும் இல்லையே!" என்று கேட்டு எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. அந்த வீட்டில் அவர் முதலில் இருக்கவில்லை. வந்த பிறகும் வெகு நாளாக இருக்கவில்லை.

பெயர் சிவநேசன். கலியாணம் முடித்து இரண்டாம் வருடம் எனக்குக் கொழும்பில் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் எழுதுநர் வேலை கிடைத்தது. இவருக்கு ஊரில் மோட்டார் திருத்தும் வேலை. "ஐயாவைத் தனிய விட்டிட்டு வரேலாது," என்றார். ஐயா என்றால் இவருடைய தகப்பனார், என் மாமா. மாமாவோ வீட்டு வாசலைத் தாண்டமாட்டேன் என்று நின்றார். சரி, ஆறு மாதம் பார்ப்போம் என்று நான் மட்டும் ரயில் ஏறினேன். பிறகு ரயில் நின்றது. பாதை மூடிற்று. ஆறு மாதம் ஐந்து வருடமாயிற்று.

அந்த ஐந்து வருடமும் கடிதத்தில்தான் குடும்பம் நடத்தினோம். கடிதம் முழுக்கக் கார்க் கதை. பெற்றோல் இல்லாத ஊரில் பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைப்பதில் இவர் பெயர் எடுத்திருந்தார். மண்ணெண்ணெயில் எஞ்சின் சும்மா பற்றாது. ஷாம்புப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்துக்கொண்டு, தொடக்கத்தில் ஒரு பீச்சுப் பீச்ச வேண்டும். ஊரில் பெற்றோலைப் பிள்ளைத்தாச்சிக்குக் குங்குமப்பூக் கரைப்பதுபோல் சொட்டுச் சொட்டாகப் பாவிக்கிறோம் என்று எழுதுவார். நானும் அவற்றைத் திணைக்களத்தில் மேசை லாச்சிக்குள் வைத்துச் சிரித்துச் சிரித்து வாசிப்பேன்.

ஒரு மழைக்காலத்தில் சண்டை கிட்ட வர, அந்தப் பக்கத்துச் சனம் முழுவதும் வீடு வாசலை விட்டு நடந்தது. இவரும் மாமாவைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். பிறகு ஒரு கடிதம் வந்தது. நாலு வரி. "ஐயா வழியில் சுகவீனம் காரணமாகக் காலமானார். காரியங்கள் முடிந்தன. நான் சுகம். நீர் கவலைப்பட வேண்டாம்."

சில மாதங்களில், எத்தனையோ படி ஏறி இறங்கிக் கொழும்புக்கு வரப் பாஸ் எடுத்து, இவரே வந்து சேர்ந்தார். ஒரு பை, ஒரு குடை. வந்தவர் பேசவில்லை.

கோபமா, வருத்தமா, என்னில் ஏதும் மனக்குறையா, ஒன்றும் விளங்கவில்லை. "ஓம்", "இல்லை", போதும் என்பதற்குக் "காணும்" என்ற மூன்று சொல்லோடு ஒரு மனிசன் எத்தனை மாதம் குடும்பம் நடத்தலாம் என்று எனக்கு அப்போதுதான் தெரிய வந்தது. மாமாவைப் பற்றிக் கேட்டால் எழும்பிப் போய் யன்னலடியில் நிற்பார். நான் கேட்பதை விட்டுவிட்டேன். ஐந்து வருடம் கடிதத்தில் கேட்ட குரல் அது. ஆள் நேரில் வந்த பிறகு அந்தக் குரலைக் காணவில்லை. சில நாளில் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவேன்.

தொடாத எஞ்சின்

கொட்டாஞ்சேனையில் பெரிய கோயிலுக்குப் பின்னால் பெனடிக்ட் என்பவர் ஒரு கராஜ் வைத்திருந்தார். என் திணைக்களத்துச் சிநேகிதியின் தம்பி. வாய் ஓயாத மனிதர். இவருக்கு அங்கே வேலை கேட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். பேசாத ஆளும் பேசி ஓயாத ஆளும் எப்படியோ ஒத்துப்போனார்கள்.

கராஜின் பின்வளவில் ஒரு பச்சை நிற ஜப்பான் கார் கிடந்தது. பெட்டி வடிவம். சொந்தக்காரர் குடும்பத்தோடு கனடாவுக்குப் போகும்போது திருத்தக் கொடுத்தபடியே விட்டுவிட்டுப் போனவர். எஞ்சின் செத்து, உள்ளே பூனை குட்டி போட்டிருந்தது. "அண்ணன், வேணும்னா இத நீங்க எடுத்துக்கங்க. எனக்கு எடம் கெடைக்கும்," என்றாராம் பெனடிக்ட்.

அன்று பின்னேரம் வேலையால் வந்த இவர், செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடி சொன்னார்: "இஞ்சாரும், ஒரு கார் கிடக்குது. உள்ளுக்கு ஒண்டும் இல்லை. பஞ்சிகாவத்தையிலை ஒரு எஞ்சின் எடுத்துப் போடலாம். டர்போவும் போட்டுப் பாக்கலாம் எண்டு யோசிக்கிறன்."

நான் சமையலறையில் கறி கிண்டிக்கொண்டிருந்தேன். இவர் ஒரே மூச்சில் நாலு வசனம் பேசினார் என்பது விளங்கியபோது கறி அடிப்பிடித்துவிட்டது. "போடுங்கோ, ரெண்டு டர்போ போடுங்கோ," என்றேன். டர்போ என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை பஞ்சிகாவத்தைக்கு நானும் போனேன். ஜப்பானில் கழித்துவிட்ட கார்களின் எஞ்சின்கள் கூரை முட்டக் குவிந்திருந்தன. எண்ணெய் மணம், இரும்பு மணம், பக்கத்துத் தேநீர்க் கடையின் இஞ்சி மணம். இவர் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். எண்ணெய் அளக்கும் கம்பியை இழுத்து மணந்தார். துவாரத்துக்குள் விரலை விட்டுத் தடவினார். ஒரு சாவிக்கோலைப் பூட்டி மெதுவாகச் சுழற்றி, காதை வைத்துக் கேட்டார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட இந்த மனிசன் இவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை. அன்று பலகாரத்தைத்தான் பார்த்தார்.

கடைசியில் ஒன்றைத் தட்டி, "இது," என்றார். த்ரீவீல் ஒன்றின் பின்சீற்றில் அந்த எஞ்சினை ஏற்றி, விளிம்பில் நான் ஒட்டிக்கொண்டு இருக்க, கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர்ந்தோம். என் நல்ல சேலை ஒன்று அன்றோடு சரி.

பெனடிக்டுக்கும் இவருக்கும் உடனேயே வாக்குவாதம். "அண்ணன், தொறந்து பிஸ்டன் கிஸ்டன் எல்லாம் மாத்தாம டர்போ போட்டா ரெண்டே நாள்ல வெடிச்சிரும். நா சொல்றத கேளுங்க."

"திறக்கிறேல்லை," என்றார் இவர். "பெக்டரியிலை பூட்டினது பூட்டினபடி இருக்கட்டும். நாங்கள் திறந்தா அவன்ரை அளவுக்குத் திருப்பி மூடேலாது. காத்தை மெல்ல மெல்லக் கூட்டுவம். தாங்கிற அளவை அதுவே சொல்லும்."

டர்போ பற்றி எனக்கு விளங்கியது இவ்வளவுதான். எஞ்சின் கழிக்கும் புகை சும்மாதானே வெளியே போகிறது? அந்தப் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுழலும். அதே அச்சில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அள்ளி எஞ்சினுக்குள் திணிக்கும். காற்றுக் கூடினால் கூடப் பெற்றோல் எரிக்கலாம், பலமும் கூடும். ஒரு டீசல் வான் வண்டியில் கழற்றிய டர்போ கிடைத்தது. காற்றைக் குளிர வைக்கும் தகட்டுக்கூடு ஒரு உடைந்த லொறியில் இருந்து வந்தது. குழாய்க்கு வளவில் கிடந்த தண்ணீர்க் குழாய் முழங்கைகளை வெட்டி ஒட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கராஜ் பூட்டு. அன்றைக்குத்தான் எங்கள் காருக்கு வேலை. நான் சோறு கட்டிக்கொண்டு போவேன், திரும்பி வரமாட்டேன். டோர்ச் பிடிப்பேன், நட்டுகளைத் தேங்காய்ச் சிரட்டைகளில் பிரித்து வைப்பேன். இரும்பில் எனக்கு ஒரு பிரியமும் இல்லை. அங்கே நின்றால் இவர் கதைப்பார், அதற்காகத்தான் போனேன். "இதுதான் எண்ணெய் வாற குழாய். சரிவாப் போகவேணும், எண்டால்தான் வடியும்," என்பார். உலகத்திலுள்ள எல்லாப் புருஷன்மாரும் மனைவியின் காதில் சொல்லும் இனிய வார்த்தைகளில் இதுவும் ஒன்று என்று நான் எடுத்துக்கொண்டேன்.

எட்டு றாத்தல்

காற்றின் அழுத்தத்தை றாத்தலில் அளப்பார்கள். அதற்கு ஒரு வட்ட முள்மானியை என் பக்கத்தில் பூட்டியிருந்தார். இவர் வீதியையும் எஞ்சின் சத்தத்தையும் கவனிக்க வேண்டும். முள்ளை வாசிப்பது என் வேலை.

"எதுக்கப்பா உந்த வேகம்? அரை மைலுக்கு ஒரு சாவடி நிக்குது!" என்று கேட்டிருக்கிறேன்.

"சாவடிக்குச் சாவடி இடையிலை அரை மைல் இருக்குத்தானே. அது காணும்," என்றார்.

ஞாயிறு காலையில் வத்தளை தாண்டி நீர்கொழும்பு வீதியில் போவோம். சனம் பூசைக்குப் போயிருக்கும் நேரம். முதல் ஞாயிறு ஐந்து றாத்தல். கராஜுக்கு வந்து ஒரு திருகாணியைக் கொஞ்சம் திருகுவார். அடுத்த ஞாயிறு ஆறு. இப்படியே ஏறியது. கூடினால் எஞ்சினுக்குள் சின்னச் சுத்தியலால் தட்டுவதுபோல் ஒரு சத்தம் வருமாம். அது வந்தால் உடனே காலை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் உடையும். அதற்காகத் தலையைச் சரித்துக் காது கொடுத்துக்கொண்டே ஓட்டுவார்.

எட்டு றாத்தல் வந்த அன்று மழை விட்டு வெயில் எறித்தது. இவர் மிதித்தார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எங்கேயோ ஒரு மெல்லிய விசில். "ஐஞ்சு... ஆறு... ஏழு..." என்று நான் வாசிக்கிறேன். "எட்டு!" என்று சொல்லி வாயை மூடுமுன் என் முதுகு சீற்றோடு ஒட்டிவிட்டது. தென்னைகள் எல்லாம் பின்னுக்கு ஓடின. நான் எந்தப் பிள்ளையாரைக் கூப்பிட்டேன் என்று தெரியவில்லை, சத்தமாகக் கூப்பிட்டேன்.

பக்கத்தில் இவர் சிரித்தார்.

வாய் திறந்து, பல் தெரிய, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது, அன்றுதான் முதன்முதலாக அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். நான் முள்ளைப் பார்க்காமல் இவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "எவ்வளவு? எவ்வளவு சொல்லும்!" என்று கத்துகிறார். எட்டு என்று விரலால் காட்டினேன்.

பிற்பாடு ஒன்பதில் அந்தத் தட்டும் சத்தம் கேட்டது. எட்டுக்கே இறக்கி, திருகாணியில் சிவப்புப் பெயின்ற் பூசி வைத்தார். எஞ்சின் கடைசிவரை திறக்கப்படவில்லை. பெனடிக்ட் தோற்றதற்கு எங்களுக்குப் புரியாணி வாங்கித் தந்தார்.

என் பொறுமை

இனிப் பெட்டிக்கு வருகிறேன்.

வேகமாக ஓடிய பிறகு டர்போ நெருப்பாகச் சிவந்திருக்கும். உடனே எஞ்சினை நிறுத்தினால் உள்ளே நிற்கும் எண்ணெய் கருகி, சக்கரம் இறுகிப்போகும். அதனால் வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓட விட்டுவிட்டு நிறுத்த வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு டர்போ. இவர் ஒருநாளும் அந்த இரண்டு நிமிடத்தைக் குறைத்ததில்லை.

நான் காத்திருக்க மாட்டேன். கதவை அடித்துச் சாத்திவிட்டு உள்ளே போய்ச் சோறு போடுவேன். சோறு ஆறும். யன்னலால் கத்துவேன்: "என்னப்பா, உந்த இரும்புக்குக் காட்டுற பொறுமையை எனக்கு ஒருநாளும் காட்டேல்லையே!"

ஒரு ஞாயிறு இதைப் பெனடிக்ட் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவருக்குச் சிரிப்பு. "அக்கா, அதுக்கு ஒரு சாமான் இருக்கு. ஜப்பான்காரன் செஞ்சிருக்கான். தெறப்ப கழட்டினாலும் அதுவே ரெண்டு நிமிசம் ஓட்டிட்டு அதுவே நிப்பாட்டும். அண்ணன் உங்களோட உள்ளுக்கு வந்துறலாம்." ஏதோ ஒரு வெட்டிய காரில் கழற்றிய பெட்டியை எடுத்து வந்து காட்டினார்.

இவர் விரும்பவில்லை. "வேண்டாம், கையாலை செய்யிறதுதான் நல்லது," என்றார். நான்தான் விடவில்லை. "பூட்டுங்கோ பெனடிக்ட், இண்டைக்கே பூட்டுங்கோ," என்றேன்.

பூட்டிய எங்கள் மூவரில் ஒருவருக்கும் அது வேறு கண்ணுக்கு எப்படித் தெரியும் என்ற யோசனை வரவில்லை. பையில் கத்தரிக்கோல் கொண்டு போகவே பயந்த காலத்தில், ஒரு தமிழன் காருக்குள் வயரோடு நேரம் எண்ணும் பெட்டி! மெய்யாகவே வரவில்லை. எங்களுக்கு அது டர்போவின் ஒரு பாகம், அவ்வளவுதான்.

மூன்று, இரண்டு, ஒன்று

அடுத்த ஞாயிறு வத்தளையில் இருந்து திரும்பும்போது காலி வீதியில் மறித்தார்கள். "எஞ்சின் எக்க நவத்தன்ன!" இவர் நிறுத்தினார். மிச்சம் மேலே சொன்னேன்.

சிப்பாய் காருக்குள் குனிந்து பார்த்தார். சிவப்பு இலக்கங்களைக் கண்டதும் பின்னால் பாய்ந்தார். "பிம! பிம!" என்று கத்தினார், நிலத்தில் படுக்கச் சொல்லி. விசில் ஊதுவது கேட்டது. பஸ்ஸில் இருந்து சனம் குதித்து ஓடியது. இவர் இரண்டு கையையும் உயர்த்தி, விளக்கம் சொல்லும் அவசரத்தில், "டைமர் சேர், டைமர் எக்கக்!" என்றார், ஒரு டைமர்தான் என்று. அந்த நேரத்தில் வாயில் எடுக்கவே கூடாத சொல் ஒன்று உண்டென்றால் அது அதுதான். சிப்பாயின் துவக்குப் பிடி இவருடைய தோளில் இறங்கியது.

என்னை யாரோ இழுத்து வெளியே போட்டார்கள். தாரில் கன்னம் சுட, இவருக்கு நாலடி தள்ளிக் குப்புறக் கிடந்தேன். எங்கள் கார் மட்டும் நடு வீதியில் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் எதற்கோ காத்திருந்தார்கள். எனக்கு எதற்கென்று தெரியும், ஒன்றும் நடக்காது என்றும் தெரியும். ஆனாலும் மனதுக்குள் எண்ணினேன்.

எஞ்சின் நின்றது. காகம் கத்தியது. வேறொன்றும் நடக்கவில்லை.

கடிதச் சிங்களம்

பொலிஸ் நிலையத்தில் இவரைக் கைகளைப் பின்னால் கட்டி விறாந்தை நிலத்தில் இருத்தினார்கள். என்னை ஒரு மர வாங்கில் இருத்தினார்கள். நாய் கொண்டு வந்து காரைச் சோதித்தார்கள். நாய் இரண்டு முறை சுற்றிவிட்டு டயரில் காலைத் தூக்கிவிட்டுப் போனது.

ஆனாலும் இன்ஸ்பெக்டர் அசையவில்லை. நரைத்த மீசை, மூக்கு நுனியில் கண்ணாடி. குண்டு இல்லை, சரி. குண்டு இல்லாமல் குண்டுக்கு வேண்டிய மிச்ச எல்லாம் ஏன் இருக்கிறது? பழகிப் பார்க்கிறானா? நாலு மணிக்கு வாகனம் வரும், மேல் விசாரணைக்கு அனுப்புகிறோம் என்றார்.

மேல் விசாரணை என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். எங்கள் ஒழுங்கையில் ஒருவரை ஒரு கேள்வி மட்டும் கேட்க என்று கூட்டிப் போனார்கள். ஒன்றரை வருடம் கழித்து வந்தவர் வீட்டாரையே அடையாளம் தெரியாமல் பார்த்தார். விறாந்தையில் இருந்த இவரைப் பார்த்தேன். முகம் பழையபடி மூடிவிட்டது. வந்த முதல் நாள் பையும் குடையுமாக வாசலில் நின்ற அதே முகம். இனி ஒருமுறை போனால் இந்த மனிசன் எனக்குத் திரும்பி வரமாட்டார். உடம்பு வந்தாலும் இவர் வரமாட்டார். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

எழும்பினேன். எனக்குத் தெரிந்த சிங்களம் அரசாங்கப் பரீட்சைக்குப் படித்த சிங்களம். கடையில் மீன் வாங்கத் தெரியாது, அமைச்சுக்குக் கடிதம் எழுதத் தெரியும். பதற்றத்தில் வாயில் வந்தது அதுதான். "காருணிகவ தன்வா சிட்டிமி," என்று தொடங்கினேன். தயவுடன் அறியத் தருகிறேன் என்று அர்த்தம். கடிதத்தின் முதல் வரி. யாரும் வாயால் பேசுவதில்லை.

இன்ஸ்பெக்டர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "நோனா எந்தத் திணைக்களம்?" என்று கேட்டார். நோனா என்றால் அம்மணி.

சொன்னேன். பிறகு எல்லாம் சொன்னேன். புகை, சக்கரம், காற்று, எண்ணெய். டர்போவுக்குக் கடிதச் சிங்களத்தில் சொல் இல்லை. ஓடி வந்த ஆளைச் சட்டென்று இருத்தக் கூடாது, கொஞ்சம் நடக்க விட்டுத்தான் இருத்த வேண்டும், இதுவும் அப்படித்தான் என்றேன். "நான் ஓட்டிக் காட்டுகிறேன்," என்றேன்.

எனக்குக் கார் ஓடத் தெரியாது. ஆனால் எப்படித் தொடக்குவது என்று தெரியும். இவரைத் தொட விடமாட்டார்கள். திறப்பை என் கையில் தந்தார்கள். கியரை நடுவில் விட்டு, திருகினேன். பற்றிற்று. கொஞ்ச நேரம் ஓட விட்டேன். பிறகு திறப்பைக் கழற்றி உயர்த்திக் காட்டினேன். பெட்டியில் இரண்டு என்று விழுந்து எண்ணத் தொடங்கியது.

நாய் பார்த்த கார்தான். ஆனாலும் பொலிஸ்காரர் எல்லாம் மதிலுக்குப் பின்னால். "நோனா, இறங்கி வாங்கோ!" என்று இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கூப்பிட்டார். நான் இறங்கவில்லை. இறங்கினால் எனக்கே பயம் என்று நினைப்பார்கள். உள்ளேயே இருந்தேன்.

இரண்டு நிமிடம் அவ்வளவு நீளம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. கண்ணாடிக்குள்ளால் விறாந்தையைப் பார்த்தேன். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையைக் கொஞ்சம் சரித்திருந்தார். அடப் பாவி மனிசா, கை கட்டிக் கிடந்தும் எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

எஞ்சின் தானாக நின்றது. நான் இறங்கினேன்.

இன்ஸ்பெக்டர் இன்னும் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். அப்போது பொலிஸ் சாரதி ஒருவர், தடித்த மனிதர், முன்மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். கையை டர்போவுக்குக் கிட்டக் கொண்டுபோய் வெடுக்கென்று எடுத்தார். ஒன்றும் பேசாமல் போய்த் தங்கள் புது ஜீப்பின் கதவைத் திறந்து, வெயில் மறைக்கும் தட்டை இழுத்து விட்டு, "சேர், மே பலன்ன," இதைப் பாருங்கள் என்றார். அதில் ஜப்பான்காரன் ஒட்டிய ஒரு சின்னத் தாள். எஞ்சினை நிறுத்துமுன் சிறிது நேரம் சும்மா ஓட விடவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. அந்த ஜீப்பிலும் டர்போ.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். "இதை நீ தினமும் செய்கிறாயா?" என்று சாரதியைக் கேட்டார். சாரதி நிலத்தைப் பார்த்தார்.

நாலு மணி வாகனம் வருமுன் இவருடைய கட்டை அவிழ்த்துவிட்டார்கள். வாக்குமூலத்தை நானே எழுதினேன், மூன்று பக்கம், ஒரு பிழையில்லாமல். பெட்டியை மட்டும் பிடுங்கி லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். "இனி இது வேண்டாம் நோனா," என்றார். "உங்கள் இரண்டு பேருக்கும் பைத்தியம்."

பெட்டி இல்லாமல்

வெள்ளவத்தைக்கு ஒரு கையால்தான் ஓட்டி வந்தார். அடிபட்ட தோள் வீங்கியிருந்தது. ஒழுங்கைக்குள் வந்து காரை மதிலோரம் விட்டார். கை திறப்புக்குப் போய்த் திரும்பி வந்தது.

"நீர் உள்ளை போம். ரெண்டு நிமிஷம் நிக்கவேணும்," என்றார்.

"நான் இருக்கிறன்," என்றேன்.

எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. கடற்காற்று வந்தது. பெட்டியைப் பூட்ட வைத்ததற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன். வாயைத் திறக்குமுன் இவர் பேசினார். முகம் முன் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தது.

"ஐயா இறக்கிவிடச் சொல்லிக் கேட்டவர்."

நான் இவர் பக்கம் திரும்பினேன்.

"பாலத்திலை. சரியான சனம், மழை. சைக்கிளை உருட்டிக்கொண்டு போறன். ஐயா கரியரிலை. தம்பி, கொஞ்சம் இறக்கிவிடு, ஏலாமல் கிடக்கு எண்டார். நிண்டால் பின்னாலை வாறவை எங்களுக்கு மேலை விழுவினம். பாலம் முடியட்டும் ஐயா எண்டன். ரெண்டாந்தரமும் கேட்டவர். நான் கொஞ்சம் ஏசிப்போட்டன். பிறகு கேக்கேல்லை. பாலம் முடிய நிப்பாட்டித் திரும்பிப் பாத்தன். எப்ப போனாரெண்டு தெரியாது. எவ்வளவு தூரம் நான் சும்மா உருட்டிக்கொண்டு வந்தனான் எண்டும் தெரியாது."

சுகவீனம் காரணமாகக் காலமானார் என்ற நாலு வரிக் கடிதம் என் சேலைப் பெட்டிக்குள் இருந்தது. அதை எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன். அதற்குள் இது இருந்திருக்கிறது.

அடிபடாத தோளில் கையை வைத்தேன். நாங்கள் அழுதோம். வெட்கம் இல்லாமல், ஒழுங்கையால் போகிறவர்கள் பார்க்க, இரண்டு பேரும் அழுதோம்.

கொஞ்ச நேரத்தில் இவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டு நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. கை திறப்புக்குப் போயிற்று.

நான் அந்தக் கையைப் பிடித்தேன்.

"ஓடட்டும்," என்றேன். "நீங்கள் சொல்லுங்கோ."